பேய் முகம் காட்டும் பூசணிக்காய்!

அக்டோபர் பிறந்துவிட்டால் மும்பைக் கடைகளில் ஒரு முகம் தலைகாட்டுகிறது. ஆரஞ்சு நிறம். முக்கோணக் கண்கள். கோரைப்பல் சிரிப்பு. வயிற்றுக்குள் விளக்கு.

பிளாஸ்டிக்கில் செய்த பூசணிக்காய்தான் அது!

அக்டோபர் 31-ந்தேதி மேல்நாடுகளில் கொண்டாடப்படும் "ஹாலோவீன்" என்ற பேய்த் திருவிழாவின் அடையாளம் இது. சினிமாவில் வந்தது, டெலிவிஷனில் வந்தது, இப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. "பூசணிக்காயில் முகம் வெட்டிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்" என்று பிள்ளை வந்து நிற்கிறது.

பாண்டுப்பில் நாள் முழுவதும் பட்டறையில் நின்று, இரவு 8 மணிக்கு வீடு திரும்பும் அப்பாவுக்கு, இது என்ன கூத்து என்றுதான் தோன்றும். ஊரில் இருந்து வந்திருக்கும் ஆச்சியோ, "பூசணிக்காயிலே மூஞ்சி போட வெள்ளைக்காரன்ட்ட போயா படிக்கணும்? நம்ம கடை வாசல்லே தொங்குறது என்னவாம்?" என்று கேட்பாள்.

ஆச்சி கேட்பது நியாயமான கேள்வி.

வாசலில் தொங்கும் பூதம்

நம் ஊரில் புதிதாக வீடு கட்டினாலும், கடை திறந்தாலும், வாசலில் ஒரு வெள்ளைப் பூசணிக்காய் தொங்கும். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது "தடியங்காய்". அதில் முட்டைக்கண், முறுக்கு மீசை, தொங்கும் நாக்கு எல்லாம் வரைந்து ஒரு பூதத்தைக் குடியேற்றிவிடுவார்கள். பார்ப்பவர்களின் பொறாமைக் கண் முதலில் அந்த முகத்தில் விழவேண்டும், வீட்டின் மேல் விழக்கூடாது என்பது நம்பிக்கை.

மராட்டியர்களும் இதே காயை "கோஹளா" என்ற பெயரில் வாசலில் கட்டுகிறார்கள்.

ஆயுத பூஜையன்று இன்னொரு பூசணிக்காய் வேண்டும். பாண்டுப் லால் பகதூர் சாஸ்திரி சாலை ஒரு காலத்தில் ஆலைச் சாலை. சியட் டயர், ஏசியன் பெயிண்ட்ஸ், ஜி.கே.டபிள்யூ. என்று பெரிய தொழிற்சாலைகளும், அவற்றை நம்பிப் பிழைத்த எத்தனையோ சிறு பட்டறைகளும் அந்தப் பக்கத்தில் இருந்தன. பல ஆலை நிலங்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. மிஞ்சியிருக்கும் பட்டறைகளில் லேத் மிஷினுக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் பொட்டு வைத்து, செண்டுமல்லி மாலை போடுவது மட்டும் நிற்கவில்லை. மராட்டியர்களுக்கு அது "கண்டே நவமி". நமக்கு ஆயுத பூஜை.

அன்று என்ன செய்கிறோம்? பூசணிக்காயின் தலையில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி எடுக்கிறோம். உள்ளே குங்குமமும் சில்லறைக் காசும் போட்டு மூடுகிறோம். மேலே சூடம் ஏற்றி, மிஷினைச் சுற்றிக் காட்டி, தெருவில் போட்டு உடைக்கிறோம்.

உயிர்ப்பலிக்குப் பதிலாக வந்தது இந்தப் பூசணிப்பலி என்பார்கள். குங்குமம் கொட்டுவதும் அதற்காகத்தானாம். வங்காளத்தில் துர்கா பூஜையின்போது வெள்ளைப் பூசணியைக் கத்தியால் வெட்டிப் பலியிடும் வழக்கம் இருக்கிறது.

ஆக, பூசணிக்காய்க்கு முகம் போடுவதும், மூடி வெட்டுவதும், நெருப்பு ஏற்றுவதும் நமக்குப் பழகிய வேலைகளே. அவன் நெருப்பை உள்ளே வைக்கிறான். நாம் மேலே வைக்கிறோம். அவ்வளவுதான்!

முதலில் பூசணி இல்லை!

இந்த மேல்நாட்டுப் பழக்கம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாடுகளில் இருந்து வந்தது. அங்கே முதலில் பூசணிக்காயே கிடையாது. டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் முகம் வெட்டினார்கள். நம் மார்க்கெட்டில் "சல்கம்" என்று விற்கிறார்களே, அந்த இனம். காய்ந்து சுருங்கிய அந்த முகம் ஒன்றின் அச்சை அயர்லாந்து நாட்டு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றைய பூசணி முகங்கள் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அத்தனை பயங்கரம்!

இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். ஜாக் என்று ஒரு கஞ்சன். சாத்தானையே ஏமாற்றியவன். அவன் செத்தபோது சொர்க்கத்தில் இடம் இல்லை என்றார்கள். நரகத்துக்குப் போனால், "உன்னிடம் பட்டது போதும்" என்று சாத்தானும் கதவைச் சாத்திவிட்டான். இருட்டில் வழி தெரிய ஒரு கங்கு மட்டும் கொடுத்தான். அதை ஒரு கிழங்குக்குள் வைத்துக்கொண்டு ஜாக் இன்றும் அலைகிறான் என்பது கதை. "ஜாக் ஓ லான்டர்ன்" என்று இந்த விளக்குக்குப் பெயர் வந்ததை இப்படிச் சொல்கிறார்கள்.

1845-ம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதையொட்டி வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறிப் பிழைக்கப் போனார்கள். பெரும்பாலோர் போன இடம் அமெரிக்கா.

போன இடத்தில் பூசணிக்காய் மலிவு. உருவத்தில் பெரியது. கிழங்கைப் போலக் கை வலிக்கக் குடைய வேண்டியதும் இல்லை. அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் கிழங்கை விட்டார்கள், பழக்கத்தை விடவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, கிடைத்த காயில் ஊர்ப் பண்டிகையை நடத்துவது எப்படி என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். 2013-ம் ஆண்டு கீன் என்ற சிறிய ஊரில் ஒரே சமயத்தில் 30 ஆயிரத்து 581 பூசணிக்காய்களில் விளக்கேற்றி உலக சாதனை செய்தார்கள். அந்த ஊரின் ஜனத்தொகையே அவ்வளவு கிடையாது!

"இது கிறிஸ்தவப் பண்டிகையா?" என்று சிலர் கேட்கிறார்கள். நவம்பர் 1 சகல புனிதர்கள் நாள்; அதற்கு முந்திய இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லுக்குப் பொருள். நவம்பர் 2 நம்மவர்கள் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடும் நாள். அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபிப்பவர்களுக்கும் இந்தப் பேய் வேஷத்துக்கும் சம்பந்தம் இல்லை. பேய் வேஷம் கூடாது என்று கண்டிக்கும் பாதிரியார்களும் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு கைவேலை. அந்த அளவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஸ்டென்சில் நமக்குப் புதிதா?

பூசணிக்காயில் முகம் வெட்டக் கைதேர்ந்த ஓவியராக இருக்கவேண்டியதில்லை. மாதிரித்தாள் ஒட்டி, அதன்மேல் குத்தி, கோட்டோடு அறுத்தால் போதும். 1980-களில் அமெரிக்கக் கடைகளில் இப்படிப்பட்ட மாதிரித்தாளும் சிறு ரம்பமும் ஒரே பொட்டலமாக விற்பனைக்கு வந்தன. அதன்பிறகுதான் சாதாரண ஜனங்களும் பூனை, ஆந்தை, சூனியக்காரி என்று விதவிதமாக வெட்டத் தொடங்கினார்கள்.

"ஸ்டென்சில்" என்ற வார்த்தை குமாஸ்தாக்களுக்குத் தெரியாததா? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு சர்க்குலர் அடிக்க மெழுகுத்தாள் ஸ்டென்சிலை டைப்ரைட்டரில் மாட்டி, சைக்ளோஸ்டைல் மிஷினில் சுற்றிக் கைகளைக் கறுப்பாக்கிக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆலைகளில் பேக்கிங் பிரிவில் இருந்தவர்கள், தகரத்தில் வெட்டிய எழுத்தைப் பெட்டிமேல் வைத்து மை அடித்திருப்பார்கள். தீபாவளி நெருங்கினால் மும்பை நடைபாதைகளில் ஓட்டை போட்ட ரங்கோலித் தட்டுகள் குவிகின்றன. எல்லாம் ஒரே வித்தை.

பெட்டி எழுத்தில் ஒரு ரகசியம் உண்டு. இங்கிலீஷ் "ஓ" எழுத்தை அப்படியே வட்டமாக வெட்டினால் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். அதற்காக மேலும் கீழும் ஒரு சிறு பாலம் விட்டு வெட்டுவார்கள். பூசணிக்காய்க்கும் அதே விதிதான். கண்ணுக்குள் கருவிழி வேண்டும் என்றால் அது ஒரு பக்கமாவது இமையோடு ஒட்டியிருக்க வேண்டும். பல் வேண்டும் என்றால் அது மேல் உதட்டோடோ கீழ் உதட்டோடோ சேர்ந்திருக்க வேண்டும். பாலத்தின் அகலம் ஒரு விரல். அதற்குக் குறைந்தால் முறிந்துபோகும்.

முழுக்காய் வாங்குங்கள்

மும்பை மார்க்கெட்டில் மஞ்சள் பூசணி "லால் போப்ளா". பெரும்பாலும் கீற்றுப் போட்டுத்தான் விற்பார்கள். பாண்டுப் ஸ்டேஷன் மேற்குப் பக்கத்துக் காய்கறிக்காரரிடம் போய் முழுக்காய் கேட்டால், "பூரா? கல்யாணமா?" என்பார். இரண்டு நாள் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

3 கிலோ அல்லது 4 கிலோ எடையில், அடி தட்டையாக, உருண்டையாக இருக்கவேண்டும். காம்பு காய்ந்திருக்க வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது. நம் நாட்டுக் காய் ஆரஞ்சு நிறமாக இருக்காது. பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும். சதைப்பற்றும் அதிகம். அதனால் என்ன? விளக்கு ஏற்றியதும் உள்சதை தங்கம்போலத்தான் ஒளிவிடும்.

வெள்ளைப் பூசணியிலும் வெட்டலாம். ஆனால் மேலே படிந்திருக்கும் சாம்பலைத் துடைத்தால்தான் டேப் ஒட்டும். தண்ணீர்க் காய் ஆனதால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

வெட்டும் முறை

மூடியில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். கத்தியை நேராக இறக்காமல் உள்நோக்கிச் சாய்த்து வெட்டுங்கள். நேராக வெட்டிய மூடி உள்ளே விழுந்துவிடும். சாய்த்து வெட்டியது பானை மூடி மாதிரி உட்காரும். ஓரத்தில் ஒரு சிறு மூலை விட்டு வெட்டினால், திரும்ப மூடும்போது எந்தப் பக்கம் எது என்று தேட வேண்டாம்.

எவர்சில்வர் கரண்டியால் நாரையும் விதையையும் வழித்து எடுங்கள். விதையைத் தனியே வையுங்கள். பிறகு முகம் வரவேண்டிய பக்கத்தின் உட்சதையைச் சுரண்டி ஓர் அங்குல கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். கனம் கூடினால் அறுப்பது கஷ்டம், வெளிச்சமும் வராது. சுரண்டிய சதையை எறிந்துவிடாதீர்கள். அது நாளைய குழம்பு.

இனி மாதிரித்தாள். கடையில் வாங்க வேண்டாம். பழைய காலண்டர் தாளை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் பாதி முகம் மட்டும் வரையுங்கள். ஒரு கண், பாதி மூக்கு, பாதி மீசை, பாதி வாய். மடித்தபடியே கத்தரித்து விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல முழு முகம் வந்துவிடும். முக்கோணக் கண்தான் வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? அய்யனார் கோவில் பூதத்தின் முட்டைக்கண்ணும் முறுக்கு மீசையும் போடுங்களேன்! பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு பூசணிக்காய்தான் தனியாகத் தெரியும்.

தட்டையான தாள் உருண்டைக் காயில் சுருக்கம் விழும். தாளின் ஓரங்களில் நாலைந்து இடத்தில் வெட்டிவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து டேப் ஒட்டினால் படிந்துகொள்ளும். காயின் தோலை முன்பே ஈரம் இல்லாமல் துடைத்துவைப்பது அவசியம்.

அடுத்தது குத்துவது. ஜியாமெட்ரி பெட்டியில் இருக்கும் காம்பஸ் முனை போதும். கோட்டின் மேலேயே, ஓர் அரிசி நீளத்துக்கு ஒரு குத்து. தாள் துளைத்துத் தோலில் புள்ளி விழவேண்டும். இது முழுக்க முழுக்கப் பிள்ளையின் வேலை. தாளை எடுத்த பிறகு புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கொஞ்சம் கோலப்பொடியை எடுத்துத் தேயுங்கள். துளைகளில் வெள்ளை அடைத்துக்கொண்டு, மார்கழி மாதத்து வாசல் மாதிரி புள்ளிகள் தெளிவாக நிற்கும். கோடு இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் கோட்டை இழுப்பது ரம்பம். சமையல்கட்டு அரிவாள்மனையோ பெரிய கத்தியோ வளைவில் திரும்பாது; வழுக்கிக் கையில் பாயும். பட்டறைக்காரர் வீட்டில் உடைந்த ஆக்சா பிளேடு இல்லாமலா இருக்கும்? 4 அங்குலத் துண்டு ஒன்றைத் துரு போகத் தேய்த்துக் கழுவி, ஒரு முனையில் துணி சுற்றி அதன்மேல் இன்சுலேஷன் டேப் போட்டால் அருமையான பூசணி ரம்பம். கத்தி முனையால் முதலில் ஒரு துளை போட்டு, அதில் பிளேடை நுழைத்து, அவசரம் இல்லாமல் முன்னும் பின்னும் இழுத்து, புள்ளிக்குப் புள்ளி போகவேண்டும். திருகக் கூடாது. மூலை வந்தால் பிளேடை வெளியே எடுத்து, வேறு திசையில் நுழைத்து மறுபடி தொடங்குங்கள்.

இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. காயை மடியில் வைத்துக்கொண்டு அறுப்பதும் கூடாது. தரையில் ஈரச்சாக்கு விரித்து, அதன்மேல் வைத்தால் காய் உருளாது.

சிறிய துண்டுகளை முதலில் வெட்டுங்கள். மூக்கு, கண், அப்புறம் மீசை, கடைசியாக வாய். வாயை முதலில் வெட்டிவிட்டால் காயின் பலம் குறைந்து, மேலே கை வைக்கும்போது விரிசல் விடும். அறுத்த துண்டை வெளியில் இருந்து நோண்டாமல், உள்ளே கைவிட்டு விரலால் தள்ளுங்கள். பல் முறிந்துவிட்டால் ஒரு பல்குத்தும் குச்சியைச் செருகிச் சேர்த்துவிடலாம்.

வெட்டிய விளிம்புகளில் கொஞ்சம் வாசலின் அல்லது எண்ணெய் தடவினால் காய்ந்து சுருங்குவது தாமதமாகும். ஆனாலும் மும்பையின் அக்டோபர் வெயிலில் இரண்டு நாள் தாங்கினால் அதிகம். மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். குளிர் நாட்டில் ஒரு வாரம் வைக்கிறார்களே என்று முன்கூட்டியே வெட்டிவிடாதீர்கள். 30-ந்தேதி ராத்திரி வெட்டுவதே சரி.

விளக்கு விஷயத்தில் ஜாக்கிரதை

வெள்ளைக்காரன் வீட்டு முற்றத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். நம் வீடு அப்படியா? டெம்பிபாடா, சோனாப்பூர் பக்கத்துச் சால்களில் பத்துக்குப் பத்து அறை. மேலே பலகை மாடி. அதில் மூட்டை முடிச்சு. வாசலில் துணிக் கொடி. பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரம். பேய் வேஷத்துக்காகப் பிள்ளை போர்த்திக்கொண்டிருப்பதோ நைலான் துணி. ஒரு பொறி போதும்.

ஆகவே மெழுகுவர்த்தி வேண்டாம். பேட்டரியில் எரியும் சிறு பல்பு கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. தீபாவளிக்கு வாங்கிய பேட்டரி சீரியல் லைட்டைச் சுருட்டி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் போட்டு உள்ளே வைத்தாலும் அழகாகத்தான் இருக்கும். கரண்ட் ஒயரை ஈரமான காய்க்குள் விடவே கூடாது.

ரோட்டில் உடைப்பது எதற்கு?

பேச்சு பூசணிக்காயைப் பற்றி வந்துவிட்டதால், நம் காயைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காலையில் பட்டறைத் தெருக்களைப் பாருங்கள். குங்குமமும் பூசணிச் சதையும் குழைந்து நடுரோட்டில் கிடக்கும். அதன்மேல் மோட்டார் சைக்கிள் ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? உள்ளே போட்ட சில்லறையைப் பொறுக்கச் சிறு பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே ஓடுகின்றன. தமிழ்நாட்டில் ஆயுத பூஜை சமயத்தில், "ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள்" என்று போலீசார் வேண்டுகோள் விடுப்பது வழக்கமாகிவிட்டது. இங்கே பாண்டுப்பில் மலைச்சரிவுச் சந்துகளில் ஆட்டோவும் மனிதரும் உரசிக்கொண்டு போகிறார்கள். அங்கே இது இன்னும் ஆபத்து.

நம் வீட்டுக்குக் கண் படாமல் இருக்க இன்னொருவன் காலை உடைப்பது எந்தச் சாஸ்திரம்? திருஷ்டி கழிப்பவர்கள் தெரு ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் உடைத்து, அப்படியே சுருட்டிக் குப்பையில் சேர்த்தால் ஐந்து நிமிட வேலை. காசு போடாவிட்டாலும் திருஷ்டி கழியும்.

சதை வீணல்ல

சுரண்டி எடுத்த சதையைப் பாதிப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதி நம் ஊர்ப் புளிக்குழம்புக்கு. மறுபாதியில் பக்கத்து மராட்டிய வீட்டு அக்கா செய்யும் "கார்கே"யைச் செய்து பாருங்கள். துருவிய பூசணியை வெல்லத்தோடு வேகவைத்து, ஆறியதும் கோதுமை மாவு போட்டுப் பிசைந்து, பூரி மாதிரி தட்டி எண்ணெயில் பொரிப்பது. தண்ணீர் சேர்க்கக் கூடாது. வெல்லப் பாகே போதும். நாலு நாள் கெடாது.

கார்கே தின்னும் பிள்ளையைக் கேட்டால் மராத்தி வகுப்பில் படித்த கதை ஒன்றைச் சொல்லும். மகள் வீட்டுக்குக் காட்டு வழியே போன கிழவியைப் புலி மறித்ததாம். "மகள் வீட்டில் தின்று கொழுத்து வருகிறேன், அப்போது சாப்பிடு" என்று தப்பினாளாம். திரும்பும்போது குடைந்த பூசணிக்காய்க்குள் உட்கார்ந்து உருண்டே வந்து புலியை ஏமாற்றினாளாம். மும்பையில் வளரும் பிள்ளைக்குக் குடைந்த பூசணி அமெரிக்காவில் இருந்துதான் தெரியவேண்டும் என்பதில்லை!

தனியே வைத்த விதைகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உப்புப் போட்டு வறுத்தால் கொறிக்கலாம். ஆனால் நாலு விதையை மட்டும் வறுக்காமல் எடுத்துவையுங்கள். முகம் வாடியதும் பூசணியை நாலாக வெட்டி ஈரக் குப்பைக் கூடையில் போடுங்கள்; சாக்கடையில் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். எடுத்துவைத்த விதைகளை நவம்பர் முதல் வாரத்தில் ஒரு பழைய பெயிண்ட் டின்னில் மண் நிரப்பி ஊன்றி, கொடியைக் கூரைமேல் ஏற்றிவிடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பூ எடுக்கும். பூசணிக்கொடியில் முதலில் வருவது ஆண் பூக்கள்தான். அவை காய்க்காது, பறிப்பதால் நஷ்டம் இல்லை. அப்போது மார்கழி பிறந்திருக்கும். வாசல் கோலத்தில் சாணி உருண்டைமேல் செருக, ஊரில் இருந்து வந்திருக்கும் ஆச்சி கேட்கப்போவது அந்தப் பூவைத்தான்.